மனக்கோட்டையில் ஒரு கம்பள வணிகன்

சிறுவர் நூல்களை நம் ஏடுகள் மதிப்புரைப் பகுதியின் கடைசி நான்கு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். நல்லொழுக்கம் போதிக்கும் நூல், இல்லந்தோறும் இருக்கத் தக்கது என்ற அளவோடு அவற்றின் இடம் தீர்ந்துவிடும். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் நூல் நல்லொழுக்கம் எதையும் நேரடியாகப் போதிப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, எழுதியவர் முஸ்லிம் அல்லர், முதன்மையாகச் சிரிப்பதற்காக வாசிக்க வேண்டியது. ஆயினும் அதன் கதாநாயகன் பெயர் அப்துல்லா. அவன் தொழில் கம்பள வணிகம். ஆங்கிலவழியில் பயிலும் நம் பிள்ளைகளின் கைக்கு இத்தகைய நூல்கள் நம்மைக் கேளாமலே வந்து சேர்ந்துவிடுகின்றன. அவர்களுக்குப் பின்னாலேனும் நாம் வாசித்து வைப்பது தகும்.

நூலின் பெயர் 'காசில் இன் தி ஏர்'. ஆசிரியர் டயானா வின் ஜோன்ஸ் (1934–2011) என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1986-இல் அவர் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' என்ற நாவலை ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004-இல் உயிரூட்டுப் படமாக்கியதால் அந்த முதல் நூலின் பெயர் உலகெங்கும் பரவியது. 1990-இல் வெளிவந்த இந்த இரண்டாம் நூல் அத்தனை பெயர் பெறவில்லை. தலைப்பில் ஒரு சிலேடை உண்டு. ஆகாயத்தில் கோட்டை கட்டுவது என்றால் ஆங்கிலத்திலும் வீண் கனவு காண்பதே. தமிழில் நாம் மனக்கோட்டை என்போம். கதையில் அந்தக் கோட்டை மெய்யாகவே மேகங்களுக்கிடையே மிதக்கிறது.

கதை இது. ஸன்ஸிப் என்னும் கற்பனை நகரத்தின் கடைத்தெருவில் அப்துல்லாவுக்கு ஒரு சிறு கம்பளக் கடை. தந்தையின் பெரிய கடை அவரது முதல் மனைவியின் உறவினருக்குப் போய்விட்டது. மகன்மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. வியாபாரம் இல்லாத வேளைகளில் அப்துல்லா, தான் குழந்தைப் பருவத்தில் கொள்ளையரால் கடத்தப்பட்ட அரசகுமாரன் என்று கற்பனை செய்துகொண்டிருப்பான். ஒருநாள் அந்நியன் ஒருவன் நைந்துபோன ஒரு கம்பளத்தை விற்றுச் செல்கிறான். அதன்மேல் படுத்துறங்கிய அப்துல்லா கண்விழிப்பது ஓர் அரண்மனைத் தோட்டத்தில். அங்கே சுல்தானின் மகள் 'இரவில் மலர்பவள்'. இருவரும் மனமொன்றி ஓட முனையும் நேரத்தில் பேருருக் கொண்ட ஜின் ஒன்று அவளைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. பின்னர் அவளைத் தேடும் பயணம்: புட்டியில் அடைபட்ட பூதம், தோற்ற நாட்டின் சிப்பாய், ஒரு கரும்பூனை, அதன் குட்டி. அந்த ஜின், உலகத்து அரசகுமாரிகளையெல்லாம் திருடி வந்து ஆகாயக் கோட்டையில் அடைத்து வைத்திருப்பது தெரிய வருகிறது.

இதில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதே நமக்கு முதற்கேள்வி. பேச்சிலிருந்து பிறக்கிறது. ஸன்ஸிப் நகரத்தார் எவரும் எவரையும் பெயர் சொல்லி மட்டும் விளிப்பதில்லை. நகைகளும் நறுமணங்களும் விண்மீன்களும் நிறைந்த அடைமொழிகளை அடுக்கியே பேசுவர். விலை பேசும்போது மரியாதை கூடக்கூட உள்ளேயிருக்கும் வசையும் கூடும். அப்துல்லா இந்தக் கலையில் தேர்ந்தவன். கம்பளம் ஆணைக்குப் பணியாது, முகத்துதிக்குப் பணியும் என்று அவன் கண்டுகொள்ளும் இடத்திலிருந்து நூல் உண்மையில் பறக்கத் தொடங்குகிறது. உயிர் போகும் அவசரத்திலும் அவன் நின்று நிதானித்து அந்தக் கிழிசல் துணியைப் புகழ்ந்துகொண்டிருக்க வேண்டும். மாயவாளும் வீரமும் இல்லாத ஒருவனிடம் இருக்கும் ஒரே கருவி கடைத்தெருவில் கற்ற நாவன்மை. வணிகர் மரபில் வந்த நம்மவர்க்கு இது புரியாத செய்தியன்று.

அந்தியூர்ப் பக்கத்து வாசகர்க்கு இங்கே ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும். ஸன்ஸிப்பில் பேரம் என்பது சொற்பெருக்கு. நம் கொங்குச் சந்தையில் மாட்டுக்கும் குதிரைக்கும் தரகர்கள் பேசும் பேரமோ துண்டுக்கு அடியில், விரலைத் தொட்டு, ஒரு சொல்லும் இல்லாமல் முடிந்துவிடும். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையில் அப்துல்லாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் வாயடைத்துப் போவான். நம் தரகரை ஸன்ஸிப்புக்கு அனுப்பினால் அங்குள்ளோர் அவரை ஊமை என்றே கருதுவர். இரண்டும் ஒரே தொழில்.

கீழைநாட்டார் என்றால் அலங்காரப் பேச்சுக்காரர், அடைமொழி அடுக்கிகள் என்பது ஐரோப்பியர் நெடுங்காலமாகச் செய்துவந்த கேலி. இந்த நூலும் அந்தக் கேலியையே திருப்பிச் சொல்கிறது என்று ஒருவர் கூறலாம். எட்வர்டு சயீத் 1978-இல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த ஐயம் எழாமல் எவரும் இத்தகைய கதைகளை வாசிப்பதற்கில்லை. ஆனால் அலங்காரப் பேச்சைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் நாமே. பஸ்ராவின் ஹரீரி (1054–1122) இயற்றிய ஐம்பது மகாமாக்களின் நாயகன் அபூ ஸைத், ஊர் ஊராகப் போய்த் தன் அடுக்குமொழியால் மக்களை உருக்கிக் காசு பறித்து நழுவுபவன். மதரஸாக்களில் அரபி இலக்கியப் பாடமாக அந்நூலை ஓதியவர்கள், இலக்கணச் சிக்கல்களின் நடுவே அடக்க முடியாமல் சிரித்திருப்பர். அபூ ஸைதின் நாவும் அப்துல்லாவின் நாவும் ஒரே பட்டறையில் தீட்டப்பட்டவை.

முகத்துதியைப் பற்றிய நம் மார்க்கத்தின் நிலை இதைவிடக் கடுமையானது. மிகையாகப் புகழ்வோரின் முகத்தில் மண்ணை இறைக்கச் சொல்லும் நபிமொழி (ஸல்) முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. உஸ்மான் (ரலி) அவர்களை ஒருவர் நேருக்கு நேர் புகழ்ந்தபோது மிக்தாத் (ரலி) அவர்கள் அந்தச் சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவிட்டார் என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. அந்தச் செய்தியை வாசிக்கும் எவர்க்கும் இதழோரம் ஒரு சிரிப்பு வராமற் போகாது. இந்நாவலும் துதியை நல்லது என்று சொல்லவில்லை. துதிக்கு மயங்குபவர் எவரோ அவர் ஏமாறுவார் என்றே காட்டுகிறது. புட்டிப் பூதத்திடம் துதி பலிப்பதில்லை. நாளுக்கு ஒரு வேண்டுதல் என்ற கணக்கில் அது எதையும் நிறைவேற்றித் தரும். ஆனால் கேட்டவர்க்கு இயன்றவரை கேடு வருமாறு நிறைவேற்றும். அதன் முணுமுணுப்பும் சிடுசிடுப்பும் நூலின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பகுதிகள். பிள்ளைகள் சத்தமாகச் சிரிப்பதும் அங்கேதான்.

இரவில் மலர்பவள் வரும் முதற்காட்சி தனியே சொல்லத்தக்கது. தந்தையைத் தவிர வேறு ஆண்மகனை அவள் கண்டதில்லை. நீண்ட இரவு அங்கியோடு வந்து நிற்கும் அப்துல்லாவை ஒரு பெண் என்றே கருதுகிறாள். தான் ஆண் என்று அவன் வாதிட, ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆண்களைக் கண்டிராத நிலையில் முடிவுக்கு வர இயலாது என்கிறாள். மறுநாள் இரவு அப்துல்லா நகரில் கிடைத்த ஆண்களின் உருவப்படங்களை, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, சுமந்துகொண்டு வந்து அவள்முன் பரப்புகிறான். அவள் ஒவ்வொன்றாக ஆராய்கிறாள். அந்தப்புரத்துப் பெண் பேதையாகவே இருப்பாள் என்ற பழைய வார்ப்பு இங்கே உடைகிறது. சான்று கேட்கும் மனம் அவளுடையது. நமக்கு இது புதிதும் அன்று. தமிழ் முஸ்லிம்களின் 'நூறு மசலா'வில் அரசகுமாரி மெஹர்பான், மணம் வேண்டி வருவோரிடம் நூறு வினாக்களைத் தொடுத்து விடை பெற்ற பின்னரே கைப்பிடிக்கிறாள். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் தந்த 'ஆயிர மசலா'வில் வினா தொடுப்பவர் பெயரே அப்துல்லா. மதீனத்து யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லா இப்னு சலாம் (ரலி). வினாவைக் கதையின் முதுகெலும்பாக்கும் மரபு நம் தமிழில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அந்த மரபில் வளர்ந்த காதுக்கு இரவில் மலர்பவளின் பேச்சு உறவுக்காரப் பேச்சாகவே ஒலிக்கும்.

ஜின்களை ஆசிரியர் கையாண்டுள்ள முறை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மேலைச் சிறுவர் கதைகளில் ஜின் என்பது பெரும்பாலும் விளக்கிலோ புட்டியிலோ அடைபட்ட வேலையாள்; அல்லது வெறும் அரக்கன். இங்கே ஹஸ்ருவேல், டால்ஸெல் என்று இரு உடன்பிறந்தார். ஹஸ்ருவேல் இயல்பால் நல்லவன். தம்பி டால்ஸெல் அவனுடைய உயிரைக் கைப்பற்றி ஒளித்துவைத்துக்கொண்டு அவனைத் தீய வேலை செய்ய வைக்கிறான். தான் செய்வது தீமை என்று ஹஸ்ருவேலுக்குத் தெரியும். அது அவனை வருத்துகிறது. அதற்கு ஈடு செய்ய வழிதேடுகிறான். ஜின்களுள் நல்லோரும் உளர், அல்லாதோரும் உளர் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறது திருக்குர்ஆனின் எழுபத்திரண்டாம் அத்தியாயம். பொறுப்பும் தெரிவும் உடைய படைப்பு என்ற அந்தக் கருத்துக்கு இந்நாவலின் ஹஸ்ருவேல், ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ, மிக நெருங்கி வந்துவிடுகிறான். உயிரை வேறிடத்தில் ஒளிப்பது மட்டும் நாட்டார் கதை வழக்கு. ஏழு கடல் தாண்டிய கிளிக்கதை கேட்டு வளர்ந்த நமக்கு அதுவும் பழகியதே.

இனிக் குறைகள். அப்துல்லாவுக்கு மணம் முடிக்க உறவினர் கொண்டுவந்து நிறுத்தும் இரண்டு பெண்கள் பருமனானவர்கள். அவர்கள் பருமனாயிருப்பது மட்டுமே அங்கே நகைச்சுவை. அப்பெண்களுக்கு ஒரு குணமோ ஒரு நல்ல சொல்லோ ஆசிரியர் தரவில்லை. இறுதியில் அவர்களை டால்ஸெலிடம் தள்ளிக் கதையை முடிக்கிறார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது என்றும், பெண்கள் பெண்களை எள்ளலாகாது என்றும் தனித்தனியே எடுத்துச் சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதிய பிள்ளை இந்த இடத்தில் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் நாம் நிறுத்த வேண்டும். அரசகுமாரிகள் ஒவ்வொருவருக்கும் தனி அறிவையும் தனி நாவையும் வழங்கிய கை, இவ்விரு பெண்களிடம் ஏன் இத்தனை கஞ்சத்தனம் காட்டியது என்பது நமக்கு விளங்கவில்லை.

இரண்டாம் குறை ஆழமானது. அப்துல்லா என்ற பெயரின் பொருள் அல்லாஹ்வின் அடிமை. இந்த அப்துல்லாவின் நகரத்தில் பாங்கொலி இல்லை, பள்ளிவாசல் இல்லை, அவன் நெருக்கடியில் கையேந்திக் கேட்கும் ஒரு துஆ இல்லை. பெயரின் முற்பாதி உண்டு, பிற்பாதி வெற்றிடம். கடைத்தெருவும் தலைப்பாகையும் சுல்தானும் வேண்டும், அவற்றுக்கு உயிராயிருந்த தீன் வேண்டாம் என்பது மாயக்கதை எழுதும் மேலையோர் பலரின் பழக்கம்.

ஆனால் இதைவிட மோசமான வழியும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றபோது சி.எஸ். லூயிஸின் விரிவுரைகளைக் கேட்டவர். லூயிஸ் 1954-இல் வெளியிட்ட 'தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்' என்ற சிறுவர் நாவலிலும் தெற்கே ஒரு பாலை நாடு, தலைப்பாகை, வளைவாள், அலங்காரப் பேச்சு எல்லாம் உண்டு. அங்கே அம்மக்களுக்கு ஒரு விக்கிரகத்தைக் கடவுளாக்கி விட்டார் லூயிஸ். பார்வைக்கு முஸ்லிம்களாக வரையப்பட்ட ஒரு சமூகத்தின்மீது சிலைவணக்கத்தைச் சுமத்துவது இடைக்கால ஐரோப்பியப் பொய்களின் எச்சம். ஜோன்ஸ் அந்த ஆசனத்தை வெறுமையாக விட்டார். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் வெற்றிடமே மேல். அங்கே வாசிக்கும் பிள்ளை தன் நம்பிக்கையைத் தானே நிரப்பிக்கொள்ளலாம்.

கதையின் முடிச்சு அவிழும் இடத்தில்தான் நமக்கு வழக்கு. (கதையின் முடிவை முன்கூட்டி அறிய விரும்பாதோர் இப்பத்தியைக் கடந்து செல்க.) புட்டிப் பூதம் உண்மையில் ஹவுல் என்னும் வடநாட்டு மந்திரவாதி. பூனை அவன் மனைவி. குட்டி அவர்கள் மகன். சிப்பாய் வடநாட்டு இளவரசன். அப்துல்லா இத்தனை காலம் துதிபாடிய பறக்கும் கம்பளம், அந்த மந்திரவாதியின் வீட்டு அடுப்பில் வாழும் நெருப்புப் பூதம் கால்சிஃபர். முதல் நாவலின் வாசகர்க்கு இது துள்ளிக் குதிக்கும் மகிழ்ச்சி. அமைப்பின் நேர்த்தியை நாமும் பாராட்டுகிறோம். ஆனால் கீழை நாட்டு மாயங்கள் அத்தனையும் வேடம் கலைத்துப் பார்த்தால் ஆங்கில நாட்டுச் சாயலுடைய இங்காரியின் சொத்து என்றாகிவிடுகிறது. அப்துல்லாவும் இரவில் மலர்பவளும் வாழ்வதற்கும் இங்காரிக்கே போய்ச் சேர்கிறார்கள். ஸன்ஸிப்பின் கடைத்தெரு அவர்களுக்குத் திரும்பிப் போகும் இடமாக இல்லை.

இந்தக் கம்பளம் யாருடையது? பறக்கும் கம்பளம் உலகப் புகழ் பெற்றது இளவரசன் அஹ்மதும் பரீ பானுவும் என்ற கதையால். அலாவுதீன், அலிபாபா கதைகளைப் போலவே இதையும் 1709-இல் பாரிஸில் அந்துவான் காலானுக்குச் சொன்னவர் ஹன்னா தியாப் என்னும் அலெப்போ நகரத்து இளைஞர். அரபி பேசும் கிறித்தவர். காலானின் பிரெஞ்சுப் பதிப்பின் கடைசித் தொகுதிகள் 1717-இல் வெளிவந்தபோது அதுவும் அச்சேறியது. அக்கதையில் மூத்த இளவரசன் ஹுசைன் அந்தக் கம்பளத்தை விலைக்கு வாங்குவது பாக்தாதில் அன்று, கெய்ரோவில் அன்று; பிஸ்நகர் என்னும் இந்திய நகரத்தின் கடைத்தெருவில், கூவி விற்கும் ஒருவனிடம். பிஸ்நகர் என்பது விஜயநகரம். கொங்கு நாடு விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலமும் உண்டு. ஆக, உலகத்துச் சிறுவர் அனைவரும் ஏறிப் பறந்த கம்பளம் கதைப்படி நம் தென்னாட்டுச் சரக்கு. அலெப்போ இளைஞரின் நாவில் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், இங்காரியின் அடுப்பில் முடிந்திருக்கிறது.

நாம் இவ்வாறு உரிமை கொண்டாடுவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தியூரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள பவானி, ஜமக்காளத்தால் பெயர் பெற்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கில ஆலைத்துணியின் போட்டியில் நொடித்த ஜங்கமர் என்னும் நெசவுச் சமூகத்தார், தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகள் ஓட வேறொரு துணியை நெய்யத் தொடங்கினர். மெல்லிய துணி ஆலைக்குப் போனது. தடித்த விரிப்பு குழித்தறியில் பிழைத்தது. 2005–06-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விசைத்தறிப் போலிகள் பெருகிய பின் தறிகள் குறைந்து வருகின்றன. கொங்கு நாட்டில் நிக்காஹ் சபையில் விரிப்பதும் அதுதான். திருமணம் முடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்தி வைப்பதும் அதுதான். நம்முள் எவரும் அதைப் பார்த்து இது பறக்கும் என்று ஒரு கதை எழுதவில்லை. பறக்கும் கம்பளத்தை நாம் கண்டது திரையில். பாக்தாதை நமக்குக் கட்டிக் காட்டியதும் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-இல், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்துக்குக் கொங்குச் சீமையே அரபு நாடாக அமைந்தது. பிறர் நம் சரக்கை எடுத்தார்கள் என்ற வழக்கில், நாம் நம் சரக்கை விரித்துப் பார்க்கவே இல்லை என்பதும் சாட்சியமாக வரும்.

நூலைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று கேட்போருக்கு நம் விடை: பன்னிரண்டு வயதுக்கு மேல் தயங்காமல் கொடுக்கலாம், கூடவே நூறு மசலாவையும் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்ட பிள்ளை மெஹர்பானையும் இரவில் மலர்பவளையும் அடுத்தடுத்து உட்கார வைத்துப் பேசவைக்கும். அந்தப் பேச்சைப் பெரியவர்கள் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

தமிழாக்கம் செய்யத் துணிவோர்க்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அப்துல்லாவின் துதிமொழியை எந்தத் தமிழில் வைப்பது? கிஸ்ஸாக்களின் அரபுகலந்த நடை ஒன்று உண்டு. கஸ்தூரியும் ஜவ்வாதும் கமழ அடுக்கிக்கொண்டே போகலாம். கம்பளத்தை, 'வைகறையின் ஊடும் பாவுமே, வானவில்லுக்கு வண்ணம் கடன் கொடுத்த வள்ளலே' என்று நாமே விளித்துப் பார்த்தோம். கம்பளம் அசைந்திருக்கக்கூடும், பிள்ளைகள் கொட்டாவி விட்டனர். மற்றொரு வழி நம் கொங்குத் தமிழ். அதில் அடைமொழி இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் மரியாதை உண்டு. பகைவனையும் 'ஏனுங்' என்று விளித்து, 'நீங்க சொன்னாச் சரியாத்தானுங் இருக்கும்' என்று முடித்துவிட்டு, தான் நினைத்ததையே செய்யும் நடை அது. துதியும் பணிவும் தந்திரமும் ஒரே 'ங்'கில் அடங்கிவிடும். அதே கம்பளத்தை, 'கொஞ்சம் மேல ஏறுனாத் தேவலைங், உங்களுக்குத் தெரியாததுங்களா' என்று கேட்டுப் பார்த்தபோது பிள்ளைகள் கொட்டாவியை நிறுத்திவிட்டுச் சிரித்தனர்.